துவர்ப்பு வேண்டாம் என்றால் பரோலோ எதற்கு?

பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினைப் பற்றி வரும் புகார் எப்போதும் ஒன்றுதான். இவ்வளவு விலை கொடுத்தும் நிறமே இல்லை, வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. நல்ல பரோலோவைக் கோப்பையில் ஊற்றிச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பக்கம் வைத்த விரல் தெரியும். மாதுளைச் சாற்றில் தண்ணீர் விட்டது போன்ற சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த ரோஜா இதழ், செர்ரி, அதிமதுரம், கூடவே வெயிலில் இளகிய தார். இவ்வளவு மென்மையான நிறமும் மணமும் உள்ள ஒன்று வாய்க்குள் போனதும் ஈறையும் உள்கன்னத்தையும் உலர்த்திப் பிடித்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. விவரம் தெரிந்தவர்கள் உடனே ஆறுதல் சொல்வார்கள்: அவசரப்பட்டுத் திறந்துவிட்டீர்கள், இன்னும் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். உறுத்துவது இந்த ஆறுதல்தான். வயது ஒரு பாதி பதில், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டிலைத் திறந்தபோது தட்டில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. பாதிப் பேர் தட்டே வைத்திருக்க மாட்டார்கள். ஒரு கிண்ணம் வறுத்த முந்திரி, அவ்வளவுதான்.

பரோலோவைக் கோப்பையோடு மட்டும் வைத்து எடைபோடுவது, பாக்கை வெற்றிலையும் சுண்ணாம்பும் இல்லாமல் மென்றுவிட்டுத் தீர்ப்பு சொல்வது மாதிரி.

நாக்கில் இல்லை

ஒயின் எழுத்தாளர்கள் இந்த உணர்வைச் சொல்ல 'பிடிப்பு', 'எலும்பு', 'கட்டுமானம்' என்று எங்கெங்கோ சுற்றி வருவார்கள். தமிழில் அந்தச் சிரமம் இல்லை. துவர்ப்பு என்று அறுசுவையில் இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். வாழைப்பூ, பிஞ்சு நாவல், கடுக்காய், கொட்டைப்பாக்கு என்று அதற்குள்ளேயே ரகம் பிரித்துச் சொல்லவும் முடியும். ஒரே ஒரு திருத்தம்: சுவை என்று நாம் சொன்னாலும் இது பெரும்பாலும் தொடு உணர்ச்சி. எச்சிலை வழவழப்பாக வைத்திருப்பவை அதிலுள்ள சில புரதங்கள். ஒயினிலுள்ள டானின் என்ற பொருள் அவற்றைப் பிடித்துத் திரட்டிவிடும். வழவழப்பு போனதும் வாயின் தோல் தோலோடு உரசுகிறது. அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

டானின் என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த தண்ணீரில் பச்சைத் தோலைப் போட்டால், பட்டையின் டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாத தோலாக மாற்றும். மதராசிலிருந்து கப்பலேறிய தோல் பல காலம் அப்படித்தான் பதமானது. பரோலோ உங்கள் வாய்க்குள் செய்ய முயல்வதும் அதே வேலை, சின்ன அளவில். புரதத்தைத் தேடி வருகிற பொருளுக்கு வாயில் வேறு புரதம் எதுவும் இல்லையென்றால், இருக்கிற எச்சிலைப் பிடித்துக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது எல்லாம் சுலபம்.

இந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது? பரோலோ என்பது ஊர்ப் பெயர். திராட்சையின் பெயர் நெபியோலோ. வேறு எந்தத் திராட்சையும் ஒரு சதவீதம்கூடக் கலக்கக் கூடாது. இத்தாலியின் பியெமோன்டே மாநிலத்தின் லாங்கே குன்றுகளில், ஆல்பா நகரத்தை அடுத்த பதினோரு ஊர்களில், வடக்குப் பார்த்த சரிவுகளை விட்டுவிட்டு மற்றவற்றில் வளர வேண்டும். நெபியோலோ முன்னதாகத் துளிர்த்து, எல்லாரும் அறுவடை முடித்த பிறகு அக்டோபரில்தான் பழுக்கும். நெபியா என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. அந்தப் பனிக்காலத்து அறுவடையால்தான் இந்தப் பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். தோலிலும் விதையிலும் டானின் தாராளம். நிறம்தான் கஞ்சத்தனம். இருக்கிற நிறமிகளும் காற்றுப்பட்டால் சீக்கிரம் சிதைகிற வகை, அதனால்தான் இளம் வயதிலேயே ஓரம் செங்கல்லாகிறது. கருஞ்சிவப்பு என்றால் கனமான ஒயின், வெளிர்சிவப்பு என்றால் லேசானது என்று கண் போடும் கணக்கு இங்கே முழுக்கத் தப்பு.

பதினோரு ஊரும் ஒன்றுபோல் இருக்காது. மேற்குப் பக்கம் லா மோர்ரா, பரோலோ ஊர்களின் நீலம் பாரித்த களிச்சுண்ண மண்ணில் மணம் முந்தி நிற்கும், துவர்ப்பு கொஞ்சம் இளகியிருக்கும். கிழக்கே செர்ராலுங்கா தால்பா, தெற்கே மோன்ஃபோர்த்தே தால்பா பக்கம் மண் இன்னும் பழையது, இறுகியது. அங்கிருந்து வருவது பத்து வருடம் கழித்தும் முறுக்காகவே நிற்கும். விருந்துக்கு மூன்று நாள் முன்னால் ஓர் இளம் பரோலோ வாங்கப்போகிறவர் பாட்டிலின் பின்பக்கத்தில் லா மோர்ரா என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது வீண்போகாது.

ரம்பம் எடுத்த மகன்

துவர்ப்பைத் தட்டில் தீர்க்காமல் நிலவறையிலேயே தீர்த்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியை ஒரு தலைமுறையே கேட்டது. பழைய முறையில் நொதிக்கும் சாற்றில் தோலை 30 நாள், சில இடங்களில் 60 நாள்கூட ஊறவிடுவார்கள். மேலே மிதக்கும் தோல் மூட்டத்தை மரப்பலகை வைத்து அமுக்கிச் சாற்றுக்குள்ளேயே மூழ்கடிப்பதும் உண்டு. பிறகு ஸ்லாவோனிய ஓக் மரத்தில் செய்த, ஆள் நுழைகிற பெரிய பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்கும். அந்தப் பீப்பாய்களுக்குப் பொத்தி என்று பெயர். சில ஆயிரம் லிட்டர் பிடிக்கும். துவர்ப்பு அடங்க வருடங்கள் பிடிக்கும், அதற்குள் சரக்கும் பணமும் முடங்கிக் கிடக்கும்.

லா மோர்ராவைச் சேர்ந்த எலியோ அல்தாரே 1976இல் பிரான்ஸின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். 1983இல் ஒரு நாள் இயந்திர ரம்பத்தை எடுத்து அப்பாவின் பழைய பொத்திகளை அறுத்துத் தள்ளினார். அந்த இடத்தில் 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்கள் வந்தன. அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள் தோல் ஊறும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்தார்கள், சுழலும் தொட்டிகளை வாங்கினார்கள். கிடைத்தது நிறம் கூடிய, வெனிலா மணக்கிற, வெளிவந்த வருடமே குடிக்கத் தோதான பரோலோ. வெளிநாட்டு விமர்சகர்களின் மதிப்பெண்களும் வந்தன. எதிர்முனையில் பரோலோ ஊரின் பர்த்தோலோ மாஸ்கரெல்லோ தன் கையால் வரைந்த லேபிளில் 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார். பாரிக் என்பது அந்தச் சின்னப் பீப்பாய், பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்தவர்.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. பழைய பொத்திகள் பலவும் அழுக்கேறிக் கிடந்தன. அழுக்கையே பாரம்பரியம் என்று விற்றவர்களும் இருந்தார்கள். சுத்தம், குறைந்த மகசூல், பழுத்த டானின் என்று இளைஞர்கள் கொண்டுவந்தது எல்லாருக்கும் மிஞ்சியது. சின்னப் பீப்பாய் மட்டும் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. அன்று மாறியவர்கள் பலர் இன்று பெரிய பீப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள். காரணம் பல சொல்வார்கள். என் கணக்கில் முக்கியமானது இது: துவர்ப்பைத் தணித்து, மேலே வெனிலாவைப் பூசிய ஒயின் தனியாகக் குடிக்க நன்றாக இருந்தது, சாப்பாட்டு மேசையில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. லாங்கேயின் சாப்பாடு முட்டை மஞ்சளும் வெண்ணெயும் மாட்டுக்கறியும். அதை வெட்டிச் சுத்தம் செய்ய ஏதாவது வேண்டுமே.

பாயாவில் ஒட்டும் உதடு

ஒயினைத் தெளியவைக்க நிலவறைகளில் நெடுங்காலமாக ஒரு வேலை செய்வார்கள். 225 லிட்டர் பீப்பாய்க்கு நான்கைந்து முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள், அல்லது கரைத்த ஜெலட்டின் விடுவார்கள். கரடுமுரடான டானின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். மேலே இருப்பது மெதுவாகும். சரி, இந்த ஜெலட்டின் வேறு எங்கே இருக்கிறது? ஆட்டுக்கால் பாயா குடித்தபின் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். தசைநாரும் சவ்வும் உள்ள கறியை மூன்று மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்தால் குழம்பில் இறங்குவதும் அதுதான். பீப்பாயில் நடந்திருக்க வேண்டிய மிச்ச வேலை இப்போது உங்கள் வாயில் நடக்கிறது. டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் புரதம் கிடைத்துவிட்டது, எச்சிலை விட்டுவிடுகிறது. துவர்ப்பு ஓய்ந்த இடத்தில் அதுவரை மறைந்திருந்த செர்ரியும் ரோஜாவும் மேலே வரும். ஒயின் பதிலுக்குத் தன் புளிப்பாலும் மிஞ்சிய துவர்ப்பாலும் வாயில் படிந்த கொழுப்பைத் துடைத்துவிடும், அடுத்த கவளம் முதல் கவளம் போலவே இருக்கும்.

பியெமோன்டேயில் இதற்கென்றே உள்ள சமையல் பிரஸாத்தோ. நம் பிரசாதத்தோடு சம்பந்தமில்லை. கனலில் வேகவைத்தது என்று பொருள். ஒரு கிலோ மாட்டின் தோள்பட்டைக் கறி, ஒரே துண்டாக, நடுவில் வெள்ளைச் சவ்வு ஓடுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். தொடையின் கொழுப்பற்ற கறியோ இடுப்புக்கறியோ வாங்கினால் அங்கேயே தோற்றாயிற்று. சவ்வு இல்லாத கறி மூன்று மணி நேரத்தில் நார்நாராக உலரும், குழம்பும் தண்ணீராகவே நிற்கும். ஒரு பாட்டில், அதாவது 750 மி.லி. சிவப்பு ஒயின், ஒரு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு செலரித் தண்டு, ஒரு ரோஸ்மேரிக் கொத்து, ஆறு மிளகு. மூன்று கிராம்பையும் சுண்டுவிரல் நீளப் பட்டையையும் துணியில் முடிந்து போட்டால் பிறகு தேட வேண்டாம். இரண்டு பே இலை. நம் பிரிஞ்சி இலையை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள், அதில் பட்டை வாசம்தான் தூக்கும். எல்லாவற்றையும் சேர்த்து 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடலாம். ஊறல் கறியின் நடுவரைக்கும் போகாது, மேலே சில மில்லிமீட்டர்தான். அதனால் இரண்டு நாள் ஊறவைத்தேன் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஊறியதும் கறியை வெளியே எடுத்துத் துணியால் ஒற்றி ஒற்றிக் காயவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஈரக் கறியைச் சட்டியில் வைத்தால் ஆவியில் வெந்து சாம்பல் நிறமாகும், மேற்புறம் சிவக்காது, குழம்புக்கு அடித்தளமே இருக்காது. கனமான சட்டியில் கொஞ்சம் எண்ணெயும் வெண்ணெயும் விட்டு, ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிடமாவது அசைக்காமல் வைத்தால் பழுப்பேறும். கறியை எடுத்துவிட்டு, வடித்த காய்களை அதே சட்டியில் வதக்கி, கறியை மறுபடி வைத்து, இன்னொரு பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதித்து ஆல்கஹால் நெடி போன ஒயினை ஊற்றி, உப்புப் போட்டு மூடி விடலாம். இனி தீ எவ்வளவு சின்னதாகப் போகுமோ அவ்வளவு சின்னதாக. மேற்பரப்பு நடுங்க வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் நார் சுருங்கிச் சாற்றையெல்லாம் பிழிந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை புரட்டிப்போட்டு மூன்று மணி நேரம். மூடியைத் திறந்து வைத்துச் சுண்டவிடுவது இன்னொரு தவறு. ஒயினில் தண்ணீர் போகும், புளிப்பும் டானினும் போகாது, கடைசியில் கசக்கும் மை போன்ற குழம்புதான் மிஞ்சும். கறி வெந்தபின் அதை வெளியே எடுத்து, துணிமுடிப்பையும் இலைகளையும் நீக்கி, காய்களைக் குழம்போடு அரைத்து, கரண்டியின் பின்புறம் ஒட்டும் அளவுக்கு மட்டும் சுண்டவைத்தால் போதும். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சர்க்கரை வேண்டாம், 30 கிராம் குளிர்ந்த வெண்ணெயைக் கலக்கினால் அடங்கும். கறி ஆறிய பிறகு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கலாம். சூட்டோடு கத்தி வைத்தால் உதிர்ந்துவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்கக் குழம்பில் ஒரு கரண்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஜெல்லி மாதிரி உறைந்தால் சரி. உறையாத குழம்பு பரோலோவின் பக்கத்தில் தோற்கும்.

சட்டியில் ஊற்றுவது பரோலோவேதானா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, பெயரே 'பரோலோவில் வெந்த பிரஸாத்தோ' என்பதால். மூன்று மணி நேரம் வெந்தபின் ரோஜாவும் தாரும் எங்கே இருக்கும்? லாங்கே நெபியோலோ என்ற எளிய ஒயினோ, பார்பெரா என்ற வேறு திராட்சையின் ஒயினோ சட்டிக்குப் போதும். பரோலோ கோப்பைக்கு.

மஞ்சள் கரு, வெண்ணெய், உப்பு

கறி சாப்பிடாதவர்களுக்கு இந்த ஒயினில் இடமில்லையோ என்றால், இருக்கிறது. அதே ஊரின் தாயரின் என்ற நூல் பாஸ்தாவில் ஒரு கிலோ மாவுக்கு முப்பது, சில வீடுகளில் நாற்பது முட்டையின் மஞ்சள் கரு மட்டும் போகும். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. காகிதம்போல் தேய்த்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி, ஒரு நிமிடம் வேகவைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுப் புரட்டினால் முடிந்தது. மஞ்சள் கருவின் கொழுப்பும் புரதமும் சேர்ந்து பிரஸாத்தோவின் குழம்பு செய்கிற வேலையைத் தங்கள் வழியில் செய்யும். மேலே ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானைச் சீவுவதாக இருந்தால் இளம் பரோலோ வேண்டாம், துவர்ப்பு அந்த வாசனையை மிதித்துவிடும். பதினைந்து வருடம் கண்டது இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் அதே நெபியோலோவில் செய்யும் அண்டை ஊர் ஒயினான பார்பரெஸ்கோ. பாலாடைக்கட்டியில் கூனேயோ மலைப்பக்கத்துக் காஸ்தெல்மான்யோ, நன்கு முதிர்ந்த பார்மிஜானோ இரண்டும் பிரமாதம். மேலே வெள்ளைத் தோல் பூத்த மென்மையான கட்டிகள் கசப்பைக் கிளப்பும்.

உப்பின் வேலையை ஐந்து நிமிடத்தில் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வாய் பரோலோ. பிறகு எலுமிச்சைத் துண்டில் உப்பைத் தொட்டு நக்கிவிட்டு இன்னொரு வாய். இரண்டாவது வாய் வேறு பாட்டிலிலிருந்து வந்ததுபோல் வழுவழுப்பாக இருக்கும். இதே காரணத்தால்தான் காளான் ஏமாற்றும். உப்பும் கொழுப்பும் குறைவாக வதக்கிய காளானின் ஊமாமி, அதாவது கறிச்சாறு போன்ற சுவை, டானினை இன்னும் முரடாக்கும். வெண்ணெயும் பார்மிஜானோவும் தாராளமாகப் போட்ட போர்ச்சினிக் காளான் ரிசோட்டோ என்ற குழைந்த அரிசிச் சோற்றில் அந்தத் தொல்லை இல்லை.

ஆகாதவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். மீன் கூடாது: சிவப்பு ஒயினின் இரும்பும் மீன் எண்ணெயும் சேர்ந்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருக்கும். பியெமோன்டேக்காரர்களே நெத்திலியும் பூண்டும் கரைத்த பாஞா காவ்தாவுக்குப் பரோலோவைத் தொடமாட்டார்கள். டானின் குறைந்த, புளிப்பு மிகுந்த பார்பெராதான். மிளகாய்க் காரமும் ஆகாது. 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை எரிச்சலாக்கிவிடும். மட்டன் சுக்காவோடு பரோலோ குடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சுக்காவை மட்டும் சாப்பிட்டால் இரண்டுக்கும் மரியாதை.

திறக்கிற நேரம்

சட்டப்படி பரோலோ அறுவடை வருடத்தின் நவம்பர் 1 முதல் 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்றால் 62 மாதம். ஆகவே 2020 அறுவடை 2024 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது. கடையில் கிடைக்கும் புதியதை அன்றே திறப்பதில் தப்பில்லை, சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் அகன்ற வாயுள்ள ஜாடியில் ஊற்றி வைத்தால். தக்கையை மட்டும் பிடுங்கிவிட்டுக் காற்று பட்டதாக நினைப்பது வீண், பாட்டில் கழுத்தின் வட்டம் ஒரு ரூபாய்க் காசளவுதான். இருபது வருடம் கண்ட பாட்டிலுக்கு நேர் எதிர் மரியாதை: ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறக்கி, பரிமாறும் முன்பு, கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்துக்கொண்டு மெதுவாக வடிக்க வேண்டும். அதிக நேரம் திறந்து வைத்தால் மணம் பறந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது தக்கைக் கோளாறு, எவ்வளவு காற்றோட்டினாலும் போகாது.

சூடு 16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பநிலை' என்று எழுதியவர்கள் கல் வீட்டின் குளிர்காலத்தை நினைத்து எழுதினார்கள். 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், ரோஜா செத்துவிடும். கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். ஒரேயடியாக ஜில்லென்று ஆக்கினால் துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரியும், அதனால் கதவோரத்தில் மறந்துவிடக் கூடாது.

இளம் பாட்டிலில் பாதி மிஞ்சினால் தக்கையைச் செருகிக் குளிரில் வையுங்கள். மறுநாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பது இந்த ஒயினில் சகஜம். மிஞ்சிய பிரஸாத்தோவுக்கும் லாங்கேயில் வழி வைத்திருக்கிறார்கள்: பொடியாகக் கொத்தி, ஒரு முட்டையும் கைப்பிடி பார்மிஜானோவும் சேர்த்து, மெல்லிய மாவுக்குள் கட்டைவிரல் நகமளவு வைத்துக் கிள்ளி மூடுவார்கள். அந்தக் கிள்ளலுக்குத்தான் அங்கே பிளின் என்று பெயர். உறைந்திருக்கும் குழம்பை இரண்டு கரண்டி வெண்ணெயோடு இளக்கி மேலே ஊற்றினால் மிச்சப் பாட்டிலுக்குச் சரியாக இருக்கும்.